பெட்டி கொண்டு வருகிறேன், தேனீ உன் மலையிலேயே இருக்கிறது

மார்த்தாண்டம்,
ஜனவரி மாதம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் பாதிப் பேச்சிலேயே உங்கள் மலைப்பக்கம் சிக்னல் போய்விடுகிறது. இது பாதியில் விட்டுவிடக் கூடிய விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் பெட்டிகளில் இரண்டைத் தேனீயோடு கொண்டு வரச் சொன்னாய். பெட்டி தருகிறேன் மக்களே. தேனீ தரமாட்டேன். கோபப்படாதே, காரணம் இருக்கிறது. நம் வீட்டில் இருப்பதும் உன் தாண்டிக்குடிக் காட்டில் இருப்பதும் ஒரே இந்தியத் தேனீதான். ஆனால் மலையில் வாழ்கிற கூட்டம் கறுத்து, உடம்பு கொஞ்சம் பெரிதாக இருக்கும். நம் பக்கத்துத் தேனீ மஞ்சள் ஓடிச் சிறுத்திருக்கும். அந்தக் குளிருக்கும் மூடுபனிக்கும் அங்கே பிறந்த கூட்டமே பழகியது. இங்கே ரப்பர் தளிரின் காம்பில் ஊறும் தேனைக் குடித்து வளர்ந்ததைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே பட்டினி போட எனக்கு மனசு வராது.

இன்னொரு காரணம் நோய். 1991, 92இல் நீ கைக்குழந்தை. தாய்லாந்து சாக்புரூட் என்கிற, தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் இந்தப் பக்கம் புகுந்தது. அடையைத் தூக்கிப் பார்த்தால் புழுக்கள் அறைக்குள் தலையைத் தூக்கியபடி, தோல் பைக்குள் நீர் கோத்துச் செத்துக் கிடக்கும். மருந்து கிடையாது. பத்துக்கு ஒன்பது என்ற கணக்கில் பெட்டிகள் காலியாயின. திண்ணை திண்ணையாக வெறும் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பிழைத்து நின்ற கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் இந்த ஊர் மறுபடி தேன் எடுத்தது. நோய் பெட்டியோடு சேர்ந்து ஊர்விட்டு ஊர் போகும். கண்ணுக்கு நல்லதாகத் தெரிகிற கூட்டத்தையும் நான் மலை ஏற்றமாட்டேன்.

ஆகவே கூட்டத்தை அங்கேயே தேடு. மரப்பொந்து, கல்கட்டுச் சுவரின் இடுக்கு, கறையான் புற்று என இருட்டும் கதகதப்பும் உள்ள இடத்தில்தான் இந்தத் தேனீ அடை கட்டும். பக்கத்தில் பளியர் பழங்குடியினரின் குடியிருப்பு இருந்தால் மரியாதையோடு போய்க் கேள். எந்தப் பொந்தில் எது இருக்கிறது என்று அவர்களைவிட அந்தக் காட்டை அறிந்தவர் இல்லை. தேனீ வளர்க்கிறவர் யாராவது ஒரு கூட்டம் கொடுத்தால் இன்னும் நல்லது, காசு போனாலும் பரவாயில்லை. நீயாகப் பொந்தை வெட்டப் போகாதே. பழகிய கை ஒன்று கூட இருக்க வேண்டும். அடையை வெட்டிப் பெட்டியின் மரச்சட்டத்தில் வாழைநாரால் கட்டி, ராணியைப் பெட்டிக்குள் சேர்த்துவிட்டால் மற்றவை தானே உள்ளே வரும். முதல் சில நாள் வாசலில் ராணித் தடுப்பு போட்டு வை, ராணி வெளியே போகாது. இது காட்டுப் பிராணி மக்களே. இத்தாலியத் தேனீ மாதிரி கொடுத்த பெட்டியில் கிடக்காது. பசித்தால், எறும்பு ஏறினால், மெழுகுப்பூச்சி அடையைத் தின்றால், தினமும் மூடியைத் திறந்து பார்த்தால், ஒரு மத்தியானம் கூட்டத்தோடு எழும்பிப் போய்விடும்.

உன்னிடம் நான் கெஞ்சிச் சொல்ல வேண்டியதும் இதுதான். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் திறக்காதே. வெயில் ஏறிய காலை நேரம், பெட்டிக்குப் பின்னால் நின்று, கொஞ்சம் தேங்காய் நார்ப் புகை காட்டி, மெதுவாகத் திற. சென்ட் பூசிக்கொண்டு போகாதே, வாழைப்பழம் தின்றுகொண்டும் போகாதே. கொட்டும்போது தேனீ விடுகிற எச்சரிக்கை வாசனையும் பழுத்த வாழைப்பழ வாசனையும் ஏறக்குறைய ஒன்று. ராணியைத் தேடி ஒவ்வொரு சட்டமாகக் கலைக்கவும் வேண்டாம். அறையின் அடியில் வெள்ளையாக, மெல்லிசாக முட்டை தெரிகிறதா? முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும். அப்படியானால் மூன்று நாளுக்குள் ராணி அங்கே நடந்திருக்கிறது, மூடிவிடலாம். சட்டத்தைப் பிடித்து, உன் தோளுக்கு மேலாக வெயில் அறைக்குள் விழும்படி நின்றால்தான் முட்டை தெரியும்.

நான் கொண்டு வருவது நியூட்டன் பெட்டி. 1910களில் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் நம் நாட்டுத் தேனீயின் உடம்புக்கு என்றே அமைத்தது. ஆன்லைனில் விற்கிற பெரிய பெட்டி இத்தாலியத் தேனீக்கு. அதை வாங்கிவிடாதே, அந்த அகலத்தை இந்தச் சின்னக் கூட்டத்தால் சூடாக வைத்துக்கொள்ள முடியாது. இந்தச் சின்னப் பெட்டிதான் நம் ஊரில் எத்தனையோ வீட்டுக்குச் சோறு போட்டது. 1920களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்பென்சர் ஹேட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. மையம் நடத்தி, நிலமில்லாத ஆளும் வீட்டுப் பின்புறத்தில் தேன் எடுக்கலாம் என்று காட்டினார். நாம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தோம். நான் பள்ளிக்கூடம் போனது அந்தக் காசில்தான். அதனால்தான் நீ வேலையை விட்டுவிட்டுத் தேனீ வளர்க்கிறேன் என்றபோது அப்பா முகம் சுருங்கினாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

இடம் பார்த்து வை. காலை வெயில் விழ வேண்டும், மத்தியானம் மரநிழல் வேண்டும், வாசல் கிழக்கே பார்க்கட்டும். காட்டுமாடு நடக்கிற தடத்தில் வேண்டாம், நம் வீட்டுக் குட்டி தவழ்ந்து விளையாடுகிற பக்கமும் வேண்டாம். தாங்கியின் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வை, எறும்பு ஏறாது. பக்கத்துத் தோட்டக்காரரிடம் போய் மருந்து எப்போது தெளிக்கிறார் என்று கேட்டு, பூ இருக்கும்போது தெளிக்காமலோ, சாயங்காலம் தேனீ அடங்கிய பிறகோ தெளிக்கச் சொல். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அங்கேயும் ஒரு நடை போய்ப் பேசு.

மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாளில் காப்பி பூக்கும். மலையே வெள்ளையாகும், சில நாள்தான். அதற்குள் உன் கூட்டம் பெட்டியில் நிலைத்திருந்தால் அந்தப் பூவில் பெருகும். பெட்டியின் மேல்தட்டான தேன் அறையிலும் தேன் நிறையலாம். இந்த வருஷம் அதைத் தொடாதே. நன்றாக அமைந்தால் ஒரு பெட்டியில் வருஷத்துக்கு எட்டுப் பத்துக் கிலோ கிடைக்கும், அதெல்லாம் அடுத்த வருஷக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே போக முடியாதபோது அந்தத் தேன்தான் அவற்றுக்குச் சாப்பாடு. அதுவும் தீர்ந்தால் சீனியும் தண்ணீரும் சமமாகக் காய்ச்சி ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றி, மேலே ஈர்க்குச்சி மிதக்கவிட்டு, சாயங்காலம் பெட்டிக்கு உள்ளேயே வை. பகலில் வைத்தால் வேறு கூட்டம் கொள்ளையடிக்க வரும். மருமகள் தேன் பாட்டிலுக்கு லேபிள் வரைந்திருக்கிறாளாம். அழகாக வரைவாள். பத்திரமாக வைத்திருக்கச் சொல்.

குட்டிக்கு ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டுத் தேன் கூட நாக்கில் வைக்கக் கூடாது. சேனை வைத்த காலத்துப் பழக்கத்தைச் சொல்லி யாராவது பெரியவர்கள் வந்தாலும் விடாதே. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயசுக் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பை முடக்கிவிடும். சூடாக்கினாலும் அது சாகாது.

கடைசியாக, என்னைத் தூங்கவிடாத ஒன்று. சின்ன வயசில் குளவி கொட்டி உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டியது என்று மருமகள் ஒருமுறை சொன்னாள். உனக்குக் கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிட்டால் போதும், வீங்கி வடிந்துவிடும். அவளுக்கு அப்படி விட முடியாது. குளவிக்கு ஒவ்வாத உடம்பு தேனீக்கும் ஒவ்வாது என்று கட்டாயமில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கிற காரியம் இல்லை இது. அங்கிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கவே நேரமாகிறது. இந்த வாரமே அவளை ஒரு நல்ல டாக்டரிடம் கூட்டிப் போ. கொட்டினால் கையில் என்ன வைத்திருக்க வேண்டும், எப்படிப் போட வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கு. தேனீ வீட்டில் வேண்டாம் என்று அவர் சொன்னால் வேண்டாம்.

இங்கே ரப்பர் இலை உதிர்ந்துகொண்டிருக்கிறது. தளிர் வந்துவிட்டால் தேன் காலம், என்னால் நகர முடியாது. அதற்குள் டாக்டர் சொன்னதை எனக்குச் சொல். அவர் சரி என்றால் பெட்டிகளோடு மதுரை பஸ் ஏறுகிறேன்.

அன்புடன்,
அம்மா