பெருவிரல் இல்லாதவரின் கைநாட்டு

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கண் அறுவைக்குப் பிறகு நீயே பேனா பிடித்திருக்கிறாய் என்று கோணல் எழுத்தே சொல்லிவிட்டது. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது.

“தொழுநோயாளருக்காக ஐ.நா.வில் தீர்மானம் போட்டு யாருக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்டிருந்தாய். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவன்தான்.

நான் தபால் கொடுத்த தெருக்களில் தொழுநோயாளர் காலனியும் ஒன்று, நினைவிருக்கிறதா? அங்கே ஒரு பெரியவருக்கு மாதாமாதம் மணியார்டர் வரும். எழுதப் படிக்கத் தெரிந்தவர். பேனா பிடிக்க விரல் இல்லை. கைநாட்டு வைக்கப் பெருவிரலும் இல்லை. உள்ளங்கை ஓரத்தில் மை தடவிப் படிவத்தில் அழுத்துவார். நான் ரூபாயைத் திண்ணையில் வைத்து, பறக்காமலிருக்க மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் நோட்டை இடுக்கி எடுப்பார். அவர் எப்போதோ குணமானவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மாதாமாதம் கல்லைத் தேடினேன்.

இந்தக் கல் எந்த மருத்துவக் கணக்கிலும் வராது. தொழுநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. மருந்து வந்தாயிற்று, கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். குணமானவருக்கும் வேலை இல்லை, பெண் தர ஆள் இல்லை, சில இடங்களில் பஸ்ஸில்கூட இடமில்லை. உரிமை பேசுகிறவர்களோ, இது டாக்டர்கள் பாடு என்று விட்டுவிட்டார்கள். ஒளிந்து வாழ்கிறவர் எங்கே போய் மனுக் கொடுப்பார்?

தொழுநோய் ஒழிப்புக்காகப் பாடுபட்ட ஜப்பான்காரர் யோஹெய் சசகாவா 2003இல் ஜெனீவாவுக்குப் போய், ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தில் இதைப் பேசினார். தொழுநோயாளரை ஒதுக்குவதற்கு எதிராக 2008இல் ஜப்பான் கொண்டுவந்த தீர்மானத்தை ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஏற்றது. வேடிக்கை என்னவென்றால், நோயாளிகளைத் தனியே அடைத்துவைக்கும் சட்டத்தை 1996 வரை வைத்திருந்த நாடு அது! அந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2001இல் குமமோட்டோ நீதிமன்றம் சொன்னபோது அரசு மேல்முறையீடு செய்யவில்லை. அப்படிப் பணிந்த நாடு என்பதால்தான் அதன் பேச்சு எடுபட்டது என்பது என் எண்ணம். வெளியே தலைகாட்டத் துணிந்த நோயாளிகளுக்கும் இதில் பங்குண்டு. நம் பக்கத்து பி.கே. கோபால் அப்படிப்பட்டவர். தாமே பாதிக்கப்பட்டவர்; பாதிக்கப்பட்டவர்களுக்கான ‘ஐடியா’ என்ற சர்வதேச அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2012இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அந்தத் தீர்மானத்தைத் தொடர்ந்து 2010 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைக்கு வந்த வழிகாட்டு நெறிகளில் ஒரு வரி என்னைத் தைத்தது. நோயைக் கொண்டே மனிதனுக்குப் பெயரிடும் இழிசொல்லை, எந்த மொழியில் இருந்தாலும், அரசு வெளியீடுகளிலிருந்து நீக்க வேண்டுமாம். ‘குஷ்டரோகி காலனி’ என்று முகவரி எழுதிய உறைகளை எத்தனை வருஷம் பையில் சுமந்தேன்!

இங்கே எல்லாம் ஆமை வேகம். நகராட்சிப் பதவிக்குத் தொழுநோயாளி வரக்கூடாது என்ற ஒரிசா சட்டத்தை 2008இல் உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. தொழுநோயாளரைத் தனியே அடைத்துவைக்க வெள்ளைக்காரன் போட்ட 1898ஆம் வருஷத்துச் சட்டம் 2016இல்தான் ஒழிந்தது. விவாகரத்துக்குத் தொழுநோய் ஒரு காரணம் என்பதை 2019இல்தான் எடுத்தார்கள். ஜெனீவாவில் யாரும் பேசாமலிருந்தால் அதுவும் நடந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

போன மாதம் காலனிப் பாட்டி ஒருத்தியைப் பென்ஷன் வாங்க அழைத்துப் போனேன். ரேகை இயந்திரம் விரலைக் கேட்டது. அரை மணி நேரம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் கண்ணைப் படம் பிடிக்கும் கருவியை எங்கிருந்தோ கொண்டுவந்தார்கள். பணத்தை எண்ணி அவள் மடியில் நான்தான் வைத்தேன்.

உன் மகன் வக்கீல்தானே? நம் ஊர்ச் சங்க விதிகள், பஞ்சாயத்துச் சட்டம் எதிலாவது அந்தப் பழைய தடை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து எழுதச் சொல். கண்ணுக்கு மருந்து விட மறக்காதே.

அன்புடன்,
வேலாயுதம்