குடிநோயாளர்க்கு வீடு திரும்பிய பிறகும் துணை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிநோய்க்குச் சிகிச்சை பெற்று மலைக்குத் திரும்பி வருகிறவர்களை, வந்த பிறகு கவனிப்பதற்கு நம் நீலகிரியில் ஒழுங்கான ஏற்பாடு எதுவும் இல்லை என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன். கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்து ஹட்டிகளிலும் (படுகர் ஊர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம்) தேயிலைத் தோட்ட லயன் வீடுகளிலும் பல ஆண்டுகளாகப் பார்த்ததை வைத்தே எழுதுகிறேன்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். நகையை அடகு வைத்தோ, தோட்டத்தில் முன்பணம் வாங்கியோ, குடும்பத்தார் குடிநோயாளரைச் சிகிச்சைக்காகக் கோவைக்கு அழைத்துச் செல்கிறார்கள். கை நடுக்கமும் தூக்கமின்மையும் மருந்தால் அடங்குகின்றன, சத்து ஊசி போடுகிறார்கள், ஆலோசகர் பேசுகிறார், சில வாரங்களில் முகம் தெளிந்து, பசி எடுத்து, ஆள் புதிதாகத் திரும்பி வருகிறார். கையில் இருப்பது மாத்திரைச் சீட்டும் மறுபரிசோதனைக்கு வர வேண்டிய தேதியும் மட்டுமே. அந்தத் தேதியில் கீழே இறங்கினால் அவருடைய ஒரு நாள் கூலி போகும், துணைக்குச் செல்கிற மனைவியின் கூலியும் போகும், பேருந்துச் செலவு வேறு. ஒருமுறை போவார்கள், அடுத்த முறை தள்ளிப்போடுவார்கள், அதற்குள் சம்பள நாளும் பழைய சேர்க்கையும் வந்து நிற்கும். மறுபடி குடித்துவிட்டால், பணம் வீணாயிற்று என்று வீட்டாரும், அவன் திருந்த மாட்டான் என்று ஊராரும் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஒரு மாதம் அழுத்தம் ஏறிவிட்டால், அவருக்கு அளித்த சிகிச்சையே வீண் என்று யாரும் சொல்வதில்லை. அளவைப் பார்த்து, மருந்தை மாற்றி, மீண்டும் வரச் சொல்கிறோம். போதைப் பழக்கத்திலிருந்து சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் மீண்டும் அதை நாடுகிறார்கள் என்றும், இது உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நாட்பட்ட நோய்களில் காணப்படும் அளவை ஒத்தது என்றும் அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும், மது, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. சட்டம் நோய் என்று ஒப்புக்கொண்ட பிறகும் ஊர்வாய் மட்டும் அதைக் கெட்ட நடத்தை என்றே பேசுகிறது.

குடியை நிறுத்துவது இவர்களால் முடியாத காரியமா என்றால், இல்லை. கார்த்திகையில் மாலை அணிந்து ஒரு மண்டலம் முழுவதும் ஒரு சொட்டும் தொடாதிருந்தவர், சபரிமலை சென்று வந்து மாலையைக் கழற்றிய அன்று மாலையே கடை வாசலில் நிற்பதை நாம் பார்க்கிறோம். அந்த நாற்பத்தொரு நாளும் அவரைக் காத்தது பக்தி மட்டுமன்று என்பது என் கருத்து. நாள்தோறும் பஜனைக்குக் கூடும் கூட்டம், முன்னே பலமுறை சென்றுவந்த குருசாமியின் கண்காணிப்பு, தன்னைப் போலவே விரதம் இருக்கும் நாலு பேர், தெருவில் போகிறவரெல்லாம் ‘சாமி’ என்று அழைக்கும் மரியாதை ஆகிய எல்லாம் சேர்ந்துதான் அவரைத் தாங்கின. மாலையைக் கழற்றியதும் அத்தனையும் ஒரே நாளில் விலகிவிடுகின்றன. சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவருக்கும் நேர்வது ஏறத்தாழ இதுவே. (பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவர் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தினால், ஓரிரு நாளில் வலிப்பும், அதையடுத்துப் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும் மாலை போடுகிற வீட்டார் அறிந்திருப்பது நல்லது.)

சக குடிநோயாளர் கூடித் தாங்கும் முறை ஒன்றும் புதிதன்று. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நின்று தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், ஏ.ஏ. என்ற சுருக்கப் பெயரில் தமிழ்நாட்டிலும் கூட்டங்கள் நடத்திவருகிறது. கட்டணம் இல்லை, முழுப் பெயரைக் கேட்பதில்லை, குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும். முன்னரே விட்டு நிலைத்தவர் புதியவருக்கு ஸ்பான்சராக இருந்து வழிகாட்டுகிறார். இது வெறும் ஆறுதல் பேச்சுதான் என்று நினைப்பவர்கள், 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் கணக்கில் எடுத்து 2020இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வைக் கவனிக்க வேண்டும். குடியைத் தொடர்ந்து முற்றிலும் விட்டிருப்பதற்கு, முறைப்படி இக்கூட்டங்களில் இணைத்துவிடும் சிகிச்சை மற்ற சில உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்பது அதன் முடிவு. குடும்பத்தையும் சேர்த்தே தேற்ற வேண்டும் என்பதை, கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை நமக்கு நெடுங்காலமாகவே காட்டிவருகிறது.

ஆனால் சென்னைக்கும் கோவைக்கும் பொருந்துவது மலைக்கு அப்படியே பொருந்துவதில்லை. மாலைக் கூட்டம் முடிந்து வெளியே வந்தால் கடைசிப் பேருந்து போயிருக்கும். நடந்து போகலாம் என்றால் கோத்தகிரிப் பக்கம் கரடி, கூடலூர்ப் பக்கம் யானை. மழைக்காலத்தில் மண் சரிந்தால் சாலையே இருக்காது. இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை வெட்கம். சிற்றூரில் இன்னார் இந்தக் கூட்டத்துக்குப் படியேறினார் என்பது மறுநாள் காலை டீக்கடையில் பேச்சாகிவிடும். குடிக்கும் பெண்கள் தோட்டங்களில் இல்லாமல் இல்லை. அவர்கள் எந்தப் படியும் ஏறியதாக எனக்கு நினைவில்லை.

இங்கேதான் இணையவழிக் கூட்டங்கள் கைகொடுக்கின்றன. 2020இல் ஊரடங்கு வந்தபோது நேரில் கூட முடியாமல் கைப்பேசிக்கு மாறிய கூட்டங்கள் பல, ஊரடங்கு போன பிறகும் தொடர்கின்றன. குந்தாவில் போர்வைக்குள் உட்கார்ந்திருப்பவர், கேமராவை அணைத்துவிட்டு, வேறொரு பெயரில், வெளியூரில் இருக்கும் தமிழர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்வதைக் கேட்கலாம். விரும்பிய நாளில் வாய் திறக்கலாம். குடிக்கத் தூண்டும் வேட்கை அலைபோல் எழுந்து, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும் தன்மையுடையது. அந்த அரை மணி நேரத்தில் பேச ஓர் ஆள் கிடைப்பதற்குத்தான் இத்தனை பாடும். அந்நேரம் தெரிந்தவர் யாரும் கிடைக்காவிட்டால், 2022 அக்டோபர் முதல் செயல்படும் டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கென மத்திய அரசின் 14446 என்ற எண்ணும் உள்ளது.

குளிருக்கு வேண்டும் என்று இங்கே எல்லோரும் சொல்லும் சாக்கையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் கதகதப்பாகத் தோன்றுமே தவிர, உடலின் உள்வெப்பம் அதனால் வெளியேறிக் குறையவே செய்கிறது. பனிக் காலத்தில் சாலையோரம் விழுந்து கிடந்தவர்களைத் தூக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இணையம் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளத்தாக்கில் இருக்கும் பல ஹட்டிகளில் சிக்னல் கிடைக்காது. வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி, அதுவும் மாலையில் பிள்ளையின் படிப்புக்குப் போய்விடும். திரைக்கு அப்பால் இருப்பவருக்கு வாடை தெரியாது. பொய் சொல்வது எளிது. குடிநோய்க்கு நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவற்றை மருத்துவர்தான் ஆளைப் பரிசோதித்துத் தர வேண்டும். அதே கைப்பேசியில்தான், ‘அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்’ என்று ஏதோ ஒரு பொடிக்கு விளம்பரமும் வருகிறது. அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மதுவோடு சேர்ந்தால் உடலை ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் போன்ற மருந்தை அறியாமல் உண்டவர் மேலே மதுவும் அருந்தினால் மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே தீங்கு நேரலாம். மனம் நொந்த மனைவிமார் இதை வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வேறு வழி காட்டாதவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. சிகிச்சை மையத்தில் இருக்கும்போதே, தம் கைப்பேசியிலிருந்து இரண்டு மூன்று இணையக் கூட்டங்களில் கலந்துகொள்ளச் செய்து, ஸ்பான்சர் ஒருவரின் எண்ணைப் பதிந்து கொடுத்த பிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள் என்று துண்டுச் சீட்டைத் தருவதால் பயன் இல்லை. சிக்னல் இல்லாத ஊர்களில் ஊராட்சி சேவை மையத்திலோ ஊர்ப்புற நூலகத்திலோ இணைய வசதி உள்ள ஓர் அறையை மாலை ஒரு மணி நேரம் திறந்து வைக்கலாம். எந்தக் கூட்டம் என்று வாசலில் பலகை வைக்காதிருந்தால் போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு ஹட்டி ஹட்டியாக வருகிறார்கள். சிகிச்சை முடித்தவரின் சம்மதத்தோடு, முதல் ஓராண்டுக்கு அவர் வீட்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, மருந்து இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, கூட்டத்துக்குப் போகிறாரா என்று கேட்கச் சொல்லலாம். இதைப் பிறர் காதில் விழாமல் கேட்கப் பணியாளர்களுக்குப் பயிற்சி தேவை; அது இல்லாமல் தொடங்கினால் நன்மையைவிடத் தீமையே மிகும்.

இந்த மாவட்டத்தால் இப்படி ஓர் ஒழுங்கை நடத்த முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, காடும் வன விலங்குகளும் கெடாதிருக்க, டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் 2022 மே மாதம் நம் நீலகிரியில் தொடங்கப்பட்டது. யானையின் காலில் கண்ணாடி குத்தாதிருக்கச் செய்த அந்த ஏற்பாட்டை நான் மனமார வரவேற்கிறேன். காலியான பாட்டில் திரும்பி வந்ததா என்று கணக்கு வைக்க முடிந்த இடத்தில், சிகிச்சை முடித்த மனிதர் மறுபரிசோதனைக்கு வந்தாரா என்று கணக்கு வைக்கவும் முடியும். குடிக்கு அடிமையானவர்களில் ஏறத்தாழ 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார் என்று 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வறிக்கை கூறுவதால், கணக்கில் வைக்க வேண்டிய பெயர்கள் மலைத்துப்போகும் அளவுக்கு இருக்கப் போவதுமில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். சமவெளி நகரங்களின் பதிப்புகளில், கோயில் விழாக்களோடும் சொற்பொழிவுகளோடும் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் குடிநோயாளர் கூட்டங்களின் இடமும் நேரமும் அச்சாவதைப் பார்த்திருக்கிறேன். நீலகிரிப் பக்கத்திலும் தமிழில் நடைபெறும் இணையக் கூட்டங்களின் நாள், நேரம், சேரும் முறை ஆகியவற்றையும், 14416, 14446 ஆகிய எண்களையும் வாரம் ஒருமுறையாவது, குறிப்பாகச் சம்பள நாளை ஒட்டி, வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)