கயிறு இழுத்த கைக்கு நன்றி

உறவுகளுக்கும் ஊராருக்கும் வணக்கம்.

கட்டு அவிழ்த்தாயிற்று. விரல்கள் மடங்குகின்றன, நீள்கின்றன. அன்று என் மரக்கடைசல் பட்டறையில் கையில் அடிபட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத மனம் வரவில்லை.

மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் வரை என்னை மடியில் சாய்த்துக்கொண்டு ஆட்டோவில் வந்த வலைக்கடைத் தம்பிகள், ஆஸ்பத்திரியில் விழித்திருந்த டாக்டரும் செவிலியர்களும், வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்துப் பெண்கள், கல்யாண வீட்டுக்கு நான் ஒப்புக்கொண்டிருந்த கட்டில் கால்களைக் கூலி வாங்காமல் கடைந்து கொடுத்த பரமக்குடிப் பட்டறைக்காரர்கள், எல்லோருக்கும் என் கைகூப்பு.

இனி, கீழக்கரைப் பெரியவரைப் பற்றி. பெயர் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

கை ஆறியும் பயம் ஆறவில்லை. வாய் குழிந்த குழி உளியை மறுபடி கையில் எடுத்துவிட்டேன். வெட்டும் வாய் சாய்ந்து, ஒரு முனை நீண்டும் மறு முனை குட்டையாகவும் இருக்கும் சாய்வு உளியிடம் மட்டும் கை போகவே இல்லை. கடைசல்காரனுக்கு அதுதான் உயிர். உப்புத்தாள் தேய்க்காமலே மரத்துக்கு மினுமினுப்புத் தரும் உளி அது. இதை யாரோ சொல்லக் கேட்டு, முன்பின் பழக்கமில்லாத அந்த மனிதர் பஸ் ஏறி வந்தார்.

வந்தவர் முதலில் சுவிட்சை அணைத்தார். "இன்றைக்கு மோட்டார் வேண்டாம் தம்பி, நான் சுற்றுகிறேன்" என்றார். மின்சாரம் வராத காலத்தில், தகப்பனார் கடைய, மரம் சுழல இவர் கயிறு இழுத்தாராம். உளி தாங்கும் கட்டையை மரத்துக்கு நெருக்கி வைத்து, அதன் விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பெல்ட்டைக் கையாலேயே இழுக்க, பூவரசங்கட்டை மெல்லச் சுழன்றது.

"சாணை பிடித்த சரிவை முதலில் மரத்தில் படுக்க வை. வெட்டாதே, உரசட்டும்." உரசியது. "இப்போது கைப்பிடியை நூலளவு தூக்கு." வெங்காயச் சருகுபோல ஒரு சுருள் எழும்பியது. வாயின் நடுவிலிருந்து குட்டை முனைப் பக்கம்தான் வெட்ட வேண்டும், நீண்ட முனை மரத்தைத் தொடக் கூடாது, பருமனிலிருந்து மெலிவை நோக்கித்தான் போக வேண்டும்: எனக்குத் தெரிந்தவைதான். ஆனால் சரிவு மரத்தில் சாயாமல் வாய் மட்டும் பட்டால் சுழலும் மரம் உளியை எப்படிக் கீழே இழுத்து, உளி தாங்கும் கட்டையில் அறையும் என்பதை, மெதுவாகச் சுற்றி, என் விரல்களுக்கே காட்டினார். வேகத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் அந்த இழுப்பை என் கை பார்த்தது. நடுக்கம் அங்கேதான் நின்றது.

கச்சான் காற்று தூசியை வாரி இறைத்த அந்தப் பகல் முழுக்க, அந்த வயதில், எனக்காகத் தோள் வலிக்க இழுத்தார். பஸ் காசுகூட வாங்கவில்லை.

என் பட்டறையில் வேலை பழக வரும் பிள்ளைகள் இனி மோட்டார் ஓடாத மரத்தில்தான் முதன்முதலாகச் சாய்வு உளி பிடிப்பார்கள். பெல்ட்டை நான் இழுப்பேன். முகக்கவசம் இல்லாமலும், சுழலும் மரத்தில் சிக்கும் கையுறையோடும், தோளில் துண்டு தொங்கவும் ஒருவரும் மரத்தருகே வர முடியாது.

கீழக்கரைக்காரர்களே, பெரியவருக்குக் கண் மங்கல். யார் என்று உங்களுக்குத் தெரியும். இதை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். கட்டில் கால் வேலையை மறுபடி எடுத்துவிட்டேன் என்றும் சொல்லுங்கள்.