கையுறை போட்டுக்கொள், கண்ணு

கண்ணு,

இங்கே நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்பா" என்பாய், அதனால் கேட்கவில்லை. கையுறை போட்டுக்கொள்.

நீ அனுப்பிய புழுப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். என்ன மஞ்சள்! ஒகினாவா பக்கத்துக் கடலடியில் வெந்நீர் கக்குகிற வாயை ஒட்டியே குடியிருக்கும், உடம்பு எடையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேலும் ஆர்சனிக்கே சேர்ந்திருக்கும் என்றாய். சாகாமல் எப்படி என்றதற்கு, அதைத் தோல் செல்லுக்குள் வாங்கி, அதே நீரில் வருகிற சல்பைடு என்கிற இன்னொரு விஷத்தோடு சேர்த்து மஞ்சள் மணியாக்கிவிடுகிறது, 2025இல் சீன விஞ்ஞானிகள் எழுதினார்கள் என்றாய். அந்த மணிக்கு ஏதோ இங்கிலீஷ் பேர் சொன்னாயே, பக்கத்து வீட்டுப் பையனைத் தேடச் சொன்னால், அட, நம்ம அரிதாரம்! கூத்து வாத்தியார் கல்லில் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்து என் முகத்தில் அப்பினாரே, அதேதான். டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அட்லாண்டிக் பக்கத்து மட்டிகள் செம்பையும் காட்மியத்தையும் செவுளில் சேர்த்து ஒரு புரதத்தால் கட்டி வைக்கும் என்றாயே, அதையும் சொன்னேன், அதற்குள் டீ ஆறிவிட்டது.

பெருமைதான், யார் இல்லை என்றது. ஆனால் பொங்கலுக்குப் பேசியது ஐந்து நிமிஷம், அதில் நாலு நிமிஷம் புழு. மாப்பிள்ளையைக் கேட்டால் "வேலையா இருக்கார்". மூன்று மாதமாக வேலை. போன படத்தில் சமையல் மேடையில் ஒரே ஒரு தட்டு கவிழ்ந்திருந்தது. சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. புழுவைத் தொட்ட கையால் சாப்பிடாதே, கையுறை போட்டுக்கொள். நாங்கள் அரிதாரம் ஒட்டிய கையோடு வடை தின்றவர்கள், எங்களைப் பார்க்காதே.

ஒன்று சொல்லணும். உன் அம்மா இறந்துபோன ராத்திரி, விடிந்த பிறகுதான் ஆள் வந்ததாக உனக்குச் சொல்லியிருக்கிறேன். இல்லை. மோசமாகக் கிடக்கிறாள் என்று நடுராத்திரியே வந்து சொன்னார்கள். எனக்குத் திரௌபதி வேஷம், ஊரே உட்கார்ந்திருந்தது, கூந்தல் முடிகிற கட்டம் வரைக்கும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன், முடிந்துவிட்டுத்தான் வந்தேன். வாசலில் நீ என் முகத்தைப் பார்த்து அலறினாய். சேதி கேட்டதும் வேஷம்கூடக் கலைக்காமல் ஓடி வந்தான் என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது. நான் ஒருநாளும் மறுத்ததில்லை. உன்னிடமும்தான்.

அதற்காக நீ இப்போது எதுவும் சொல்ல வேண்டும் என்றில்லை. ராத்திரி எந்நேரமானாலும் போனைப் பக்கத்தில்தான் வைத்துப் படுக்கிறேன்.

அப்புறம், வடகம் அனுப்பியிருக்கிறேன், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். நன்றாகக் காய்ந்தது. ஒரு ஆளே தின்றாலும் வருஷம் தாங்கும்.

அப்பா