சனசமூக நிலையத்தின் ஆண்டறிக்கை: அருவி ஆற்றில் ஒரு பகல்

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். செயலாளராக இந்த வருடம் நான் பெரிதாக ஒன்றும் வெட்டி முறிக்கவில்லை. கூட்டங்கள் நடந்தன, பெரும்பாலும் அரை மணித்தியாலம் பிந்தி. வாசிகசாலைக் கூரை ஒழுக்கை அடைத்தோம், திரும்பவும் ஒழுகுகிறது. சந்தாக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சரி, நீங்கள் கேட்கக் காத்திருப்பது கல்லில் பதிந்த பழைய உயிர்களின் தடமான புதைபடிவங்களைப் பார்க்க ஆவணியில் அருவி ஆற்றுக்குப் போன கதையைத்தான்.

வவுனியாப் பக்கத்தில் நாங்கள் எவ்வளவு கிண்டினாலும் புதைபடிவம் கிடைக்காது. நிலவியல்காரர் 'வன்னித் தொகுதி' என்று எங்கள் பெயரையே வைத்திருக்கிற பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறினவை, அதற்குள் எந்தச் சிப்பி மிஞ்சும்? மன்னார்ப் பக்கம் இறங்கினால்தான் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். 2 கோடி 30 இலட்சம் வருடத்துக்கும் 50 இலட்சம் வருடத்துக்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தில் கடல் இந்தக் கரையை மூடிக் கிடந்தபோது படிந்தது, யாழ்ப்பாணத்துக்கு அடியில் இருப்பதும் இதே கல்தான். 164 கிலோமீற்றர் ஓடி மன்னார்ப் பக்கம் வருகிற அருவி ஆறு கோடையில் வெறும் மணலும் இடைக்கிடை மடுவுமாகச் சுருங்கிவிட, அரித்த கரையோரம் கல் வெளியே தெரியும்.

பஸ்ஸில் போய், கடைசித் துண்டு தூரம் உழவு இயந்திரப் பெட்டியில் குலுங்கிப் போனோம். மடுவில் முதலை கிடக்கும் என்று பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் விடவில்லை. உள்ளங்கையளவு கல் ஒன்றில் இரண்டு சிப்பிகள், விசிறி மடிப்புப் போல வரிவரியாக, ஒன்றின் பள்ளத்தில் சீனி கொட்டியது போல மினுங்கல், அதன் மேல் ஓர் எறும்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "அண்ணை, இது உயிரோட இருந்ததா?" என்று ஒரு பொடியன் கேட்டான். இருந்தது என்றேன். அதற்குப் பிறகு அவன் கல்லை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தான்.

கூட்டத்தில் யாரையும் பேசவிடாத எங்கள் பெரியம்மா மருதமர நிழலில் மணலில் காலை நீட்டி ஒரு மணித்தியாலம் வாய் திறக்கவில்லை. சுகமில்லையோ என்று பயந்து போய்க் கேட்டேன். "இல்லை மோனை, இந்தச் சத்தமில்லாத சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலம்" என்றா. மீன்கொத்தி ஒன்று கத்திக்கொண்டு போனது, அவ்வளவுதான். நானும் பக்கத்தில் இருந்துவிட்டேன், சாப்பாட்டுப் பார்சலைக் கூட மறந்து. பின்னேரம் மேற்பக்கத்தில் மணல் ஏற்றும் டிப்பர்களின் இரைச்சல் வந்தபோதுதான் எல்லோரும் எழும்பினோம். கரையை அவர்கள் வெட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அடுத்த மாரிக்கு அந்த மருதமரம் நிற்குமோ தெரியாது. இதைப் பற்றி எழுத்தில் முறையிட வேண்டும் என்று நிர்வாகசபைக்கு முன்மொழிகிறேன்.

கல் ஒன்றும் எடுக்கக்கூடாது, படம் மட்டும்தான் என்று போகும்போதே தீர்மானித்திருந்தோம். எடுத்த மூன்று பிள்ளைகளும் என் முன்னாலேயே திருப்பி வைத்தார்கள். வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றினால் என் பையில் ஒரு துண்டு. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். இப்போது அது கூட்டக் குறிப்புப் புத்தகத்தின் மேல் காற்றுக்குப் பாரமாக இருக்கிறது, அதைக் கொண்டுபோய் வைப்பதற்காவது அடுத்த ஆவணியில் ஒரு பஸ் பிடிக்க வேண்டும். பொருளாளர் என்னை முறைக்கிறார்.