அந்தத் தண்ணீர்த் தொட்டி விஷயமாக, நடைக்குழு நிர்வாகிகளுக்கு

வணக்கம்.

அரிசோனாவின் அரவைப்பா பள்ளத்தாக்குக்குப் போய் வந்த படங்கள் குழுவில் முந்நூறைத் தாண்டிவிட்டன. எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றில்கூட அந்தத் தண்ணீர்த் தொட்டி இல்லை. அந்தத் தொட்டிக்கு என்ன பதில் சொல்லப்போகிறோம் என்று நான் கேட்டதற்கு ஒரு கைகூப்பு எமோஜி வந்தது, அதோடு சரி. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இந்த மடல்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். 70ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, கிளாண்டைக் போகும் மண் ரோட்டில் புழுதி பறக்கப் போனோம். இருட்டிவிட்டது, மேப்பில் ஒரு கிளைப்பாதை தெரிகிறது என்று யாரோ சொல்ல, ஒரு முள்கம்பிக் கேட்டைத் திறந்து உள்ளே போய் மாட்டுத் தொட்டியின் பக்கத்திலேயே கூடாரம் அடித்தோம். ‘தண்ணி வசதி இருக்கு’ என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

விடிந்ததும் குளியல் தொடங்கியது. முதலில் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள், பிறகு ஷாம்பு. நான் காபி டம்ளரோடு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்மூர் சீமைக்கருவேலத்தின் பங்காளியான மெஸ்கீட் மரத்தடியில் ஏழெட்டு மாடுகள் நின்றன. கத்தவில்லை, மேயவில்லை, தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றன. ஒரு கன்று மட்டும் நாலடி முன்னால் வரும். ஸ்பீக்கரில் பாட்டு மாறும், திரும்பித் தாயிடம் ஓடிவிடும். மே மாதக் கடைசி வெயிலில் பால் கொடுக்கும் மாட்டுக்கு ஒரு நாளைக்கு 60, 70 லிட்டர் தண்ணீராவது வேண்டும். முந்தின இரவிலிருந்து நாம் அதன் தொட்டியை மறித்துக்கொண்டிருந்தோம். அரிசோனாவில் மாடோ காட்டு விலங்கோ குடிக்கும் நீரிலிருந்து கால் மைலுக்குள் முகாமிட்டு அவற்றை நெருங்கவிடாமல் செய்வது சட்டப்படியே குற்றம். சட்டம் தெரியாது என்றாலும் சரி, அந்தக் கன்றைப் பார்த்த பிறகாவது எழுந்திருக்க வேண்டாமா?

எட்டு மணிக்கு மாட்டுக்காரரான அந்தப் பெரியவர் பிக்கப்பில் வந்தார். யாரையும் திட்டவில்லை. நுரையைக் கையால் ஒதுக்கிப் பார்த்தார். குனிந்து தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினார். அவ்வளவு தண்ணீரும் மண்ணில் போனது. சோலார் பம்பில் மறுபடி நிரம்ப ஒரு பகல் ஆகும் என்றார். பிறகு, ‘கேட்டைத் திறந்தது யார்? மாடு ரோட்டில் நிற்கிறது’ என்று கேட்டார். இருபது பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அவர் மாட்டை விரட்டிக்கொண்டு வந்த பிறகு கேட்டைச் சாத்தியது நான். கேட்டின் ஓரக் கட்டையைக் கம்பத்தோடு அணைத்து, அதன் அடி முனையைக் கீழ் வளையத்தில் செருகி, தோளால் முட்டித் தள்ளினால்தான் மேல் வளையம் ஏறும். இரண்டு நிமிட வேலை. காங்கேயத்தில் மாடு மேயும் கொறங்காட்டில் படலைச் சாத்தாமல் வந்தால் எங்கள் அப்பத்தா சோறு போடமாட்டார். நம்மில் பாதிப் பேர் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த பயணத்தை அறிவிப்பதற்கு முன்னால், நிர்வாகிகள் நேரில் போய் அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

‘அரசாங்க நிலம்தானே, கிட்டத்தட்ட சும்மாவே மேய்க்கிறார்’ என்று திரும்பி வரும்போது காரில் ஒருவர் சொன்னார். கூட்டரசு நிலத்தில் தாயும் கன்றும் ஒரு மாதம் மேய 2025இல் 1.35 டாலர்தான் கட்டணம். மலிவுதான். ஓடைக்கரையில் மாடு இறங்கினால் கரை என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அது வேறு வழக்கு. தொட்டியில் ஷாம்பு போட்டதற்கு அது பதிலாகாது.

அதோடு, சட்டம் பேசுகிற தகுதி நமக்கு உண்டா? பள்ளத்தாக்கின் கிழக்கு வாசலில் ஒரு நாளைக்கு 20 பேருக்குத்தான் அனுமதி, ஒரு குழுவில் 10 பேருக்கு மேல் கூடாது. பத்துப் பத்தாக இரண்டு பெயரில் பெர்மிட் எடுத்து அன்றைய இடம் முழுவதையும் நாமே வளைத்துக்கொண்டோம். உள்ளே முதல் திருப்பத்திலேயே இருபதும் ஒன்று சேர்ந்தாயிற்று. ஓடையில் முழங்கால் தண்ணீரில் நடக்கும் அந்த அமைதிக்காகத்தானே அவ்வளவு தூரம் போனோம்? ஹெல் ஹோல் கிளைப்பள்ளத்தில் குருவிச் சத்தத்தைக்கூட ஸ்பீக்கர் கேட்கவிடவில்லை. அங்கேயும் சோப்பு. விரல் நீளம்கூட இல்லாத ஸ்பைக்டேஸ், லோச் மின்னோ என்ற இரண்டு மீன்கள் அழிவின் விளிம்பில் அந்த ஓடையில் பிழைத்துக் கிடக்கின்றன. நாமோ முதுகு தேய்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகளுக்கு இறகுத் தொப்பி மாட்டி ‘கௌபாய் செவ்விந்தியர்’ படம் வேறு. இதே ஓடை சான் பெட்ரோ ஆற்றில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் 1871இல் டூசான் நகரிலிருந்து வந்த கும்பல் நூற்றுக்கும் மேற்பட்ட அப்பாச்சி பழங்குடியினரை விடியற்காலையில் கொன்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தப் படத்துக்கு 64 லைக் விழுந்திருக்கிறது. வாழ்த்துகள்.

சரி, மடல் எங்கேயோ போகிறது. மன்னிக்கவும். ஒவ்வொரு மாதமும் ஊதியமில்லாமல் இத்தனை பேரைக் கூட்டிச் செல்வது லேசான வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் தாழ்மையாகவே திரும்பக் கேட்கிறேன். அந்தப் பெரியவரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேளுங்கள். குழுவின் விதிமுறையில் ஒரு வரியும் சேருங்கள்: திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியே விடு, சாத்தியிருந்ததைச் சாத்திவிட்டுப் போ.

வரும் ஞாயிறு நான் வண்டி எடுக்கிறேன். சாண்ட்லரிலிருந்து விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். மூன்று சீட் காலி இருக்கிறது. தொட்டியோரத்தில் கிடந்த ஷாம்பு பாட்டில் இன்னும் என் டிக்கியில்தான் இருக்கிறது. யாருடையதோ, வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அன்று வாய் திறக்காத இருபது பேரில் ஒருவன்