எடை குறைந்த லினக்ஸ் உருவாக்குவோருக்கு ஒரு தமிழ்ப் பயனரின் திறந்த மடல்

ஆன்டிஎக்ஸ், பப்பி, டேம் ஸ்மால் லினக்ஸ், லுபுண்டு போன்ற வழங்கல்களை, அதாவது பழைய கணினியிலும் ஓடும் லினக்ஸ் இயங்குதளத் தொகுப்புகளை, உருவாக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். குப்பைக்குப் போயிருக்க வேண்டிய எத்தனையோ கணினிகள் உங்களால் இன்னும் ஓடுகின்றன. உங்களில் பெரும்பாலோர் இதைச் சம்பளத்துக்காகச் செய்யவில்லை என்பதும் தெரியும். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். எந்தச் செயலியைச் சேர்ப்பது, எதை விடுவது என்று பட்டியல் போடும்போது அதன் அளவையும் அது தின்னும் ரேமையும் பார்க்கிறீர்கள். அவற்றோடு இன்னொன்றையும் பாருங்கள்: அந்தச் செயலியில் தமிழ் உடையாமல் தெரிகிறதா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், உங்களைத் தேடி வரப்போகிறவர்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க காலத்தில் கொடுத்தவற்றில் 2 ஜி.பி. ரேம்தான். விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. அக்கா படித்து முடித்த மடிக்கணினி தம்பி கைக்கு வந்து, இன்றும் ஏதோ ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. புதிதாக வாங்க வசதி இல்லாதவர்களுக்கு உங்கள் வழங்கல்களை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. அவர்கள் படிப்பதும் தட்டச்சு செய்வதும் தமிழில்.

சிக்கல் எங்கே வருகிறது என்று சொல்கிறேன். எழுத்துரு ஒன்றைப் போட்டுவிட்டால் தமிழ் தெரிந்துவிடாது. ‘கொ’ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். ‘மூ’ என்பதற்கு எழுத்துருவில் உள்ள தனி வடிவத்தைத் தேடி எடுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு நிரல். செயலிகளை எழுத உதவும் கருவித்தொகுப்புகளில் ஜி.டி.கே. 2-இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் பேங்கோ என்ற நூலகம் வழியாக இது நடக்கிறது, கியூட்டி என்ற தொகுப்பிலும் நடக்கிறது. மிகச் சிறியது என்பதற்காக நீங்கள் தேடிப் பிடிக்கும் செயலிகள் பலவற்றில் இது இல்லவே இல்லை. அவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி இடம் மாறும், சில இடங்களில் வெறும் கட்டம்தான் மிஞ்சும்.

2024-இல் திரும்பி வந்த டேம் ஸ்மால் லினக்ஸையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் 50 எம்.பி.க்குள் அடங்கியது, இப்போது ஒரு சி.டி.யின் 700 எம்.பி.யை எல்லையாக வைத்துக்கொண்டது. அதன் செயலிப் பட்டியல் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் தமிழ்க் கண்ணால் பார்த்தால் பிழை தெரிகிறது. டில்லோ உலாவி எஃப்.எல்.டி.கே. 1.3 என்ற கருவித்தொகுப்பை நம்பியிருக்கிறது, லினக்ஸில் அதற்குத் தமிழைக் கோக்கத் தெரியாது. சாளரங்களை நிர்வகிக்கும் ஃப்ளக்ஸ்பாக்ஸின் தலைப்புப் பட்டையிலும் இதே கதை. எக்ஸ்.எம்.எம்.எஸ். பாட்டு இயக்கி ஜி.டி.கே. முதல் பதிப்பில் எழுதப்பட்டது, பேங்கோ வருவதற்கு முந்தையது. பாட்டுப் பட்டியலைத் தமிழில் வைத்திருப்பவர் என்ன செய்வார்? அதன் வழித்தோன்றலான ஆடேசியஸ் இருக்கிறது. பழைய வின்ஆம்ப் தோற்றத்தையும் அது தரும், தமிழையும் ஒழுங்காகக் காட்டும். அதற்கு மாறுவதில் இழப்பு மிகக் குறைவு.

ரேம் கூடுமே என்பீர்கள். இங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. ஒரே கருவித்தொகுப்பில் எழுதிய செயலிகள் நூலகங்களை நினைவகத்தில் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று எஃப்.எல்.டி.கே., ஒன்று ஜி.டி.கே. 1, ஒன்று ஜி.டி.கே. 3, இன்னொன்று கியூட்டி என்று தனித்தனியே மிகச் சிறியதாகப் பொறுக்கினால், நான்கையும் சேர்த்துத் திறக்கும்போது நான்கு தொகுப்பும் ரேமில் ஏறும். லுபுண்டு 18.10-இலிருந்து கியூட்டியில் எழுதிய எல்.எக்ஸ்.கியூட்டி மேசைத்தளத்துக்கு மாறி, கூடியவரை கியூட்டி செயலிகளையே எடுத்தது. பழைய கணினிகளை அது கைவிட்டதாகப் பலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஒரே தொகுப்பில் நிற்பது என்ற முடிவு மட்டும் சரியானது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, வட்டு அளவும் ரேமும் ஒன்றல்ல. வட்டில் முழுமையாக நிறுவிய லினக்ஸில், திறக்காத செயலி ரேமில் இடம் பிடிப்பதில்லை. எழுத்துருக் கோப்பும் அப்படித்தான், மொழிபெயர்ப்புக் கோப்பும் அப்படித்தான். பென் டிரைவிலிருந்து நிறுவும் இந்தக் காலத்தில் ஐ.எஸ்.ஓ. என்ற நிறுவல் கோப்பைச் சுருக்குவதற்காக மொழிகளை வெட்டுவதால் அந்த 2 ஜி.பி. மடிக்கணினிக்கு ஒரு பலனும் இல்லை. லோகித் தமிழ் எழுத்துரு ஒரு எம்.பி.கூட வராது. அதை எடுத்துவிட்டுப் பெருமைப்பட என்ன இருக்கிறது? உலாவியில் நான்கு தாவல் திறந்தால் போகும் நினைவகத்தோடு ஒப்பிட்டால் நீங்கள் மற்ற இடங்களில் மிச்சம் பிடிப்பதெல்லாம் துளி.

உலாவியைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். 64 பிட் கணினிக்கு ஃபயர்பாக்ஸ் போதும். இன்னும் பழைய 32 பிட் கணினிகளின் நிலைதான் கவலை தருகிறது. 32 பிட் லினக்ஸுக்கு ஃபயர்பாக்ஸ் 144-தான் கடைசி; நீண்ட கால ஆதரவு பெறும் 140-க்கு 2026 செப்டம்பர் வரையாவது திருத்தங்கள் வரும் என்றது மொசில்லா. பல வழங்கல்களுக்கு அடிப்படையான டெபியனும் 13-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் பிசிக்கு நிறுவி தருவதை நிறுத்திவிட்டது. ஆக, அந்தக் கணினிகளில் இனி சிறிய உலாவிகளுக்குத்தான் வேலை. தமிழ் உடையும் உலாவி மட்டும் மிஞ்சினால் எங்களுக்கு அந்தக் கணினியில் இணையமே இல்லை என்று பொருள். நெட்சர்ஃப் உலாவியின் ஜி.டி.கே. பதிப்பு பேங்கோவில் எழுத்தைக் காட்டுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிறைந்த தளங்களில் அது திணறும், உண்மைதான். செய்தி வாசிக்கவும் விக்கிப்பீடியா பார்க்கவும் உதவும். டில்லோவோடு அதையும் சேர்த்து வையுங்கள்.

அலுவலகச் செயலியில் நான் ஏபிவேர்டின் பக்கம் இல்லை. தமிழை அது காட்டும். ஆனால் பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் வருவது வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு. ஏபிவேர்டில் அட்டவணை குலைந்துபோன படிவத்தை மாணவர் திருப்பி அனுப்ப முடியாது. லிப்ரெஆபிஸ் முழுவதும் வேண்டாம், ரைட்டரை மட்டும் தனிப் பொதியாகச் சேர்க்கலாம். கணக்குத் தாளுக்கு நியூமெரிக் தாராளமாகப் போதும்.

விசைப்பலகையை மறந்துவிடாதீர்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில் ககரத்தை இருமுறை தட்டினால் ‘க்க’ என்று புள்ளி தானாக விழும். லினக்ஸில் திரையையும் விசைப்பலகையையும் கையாளும் எக்ஸ் அமைப்பின் விசைப்பலகைப் பட்டியலிலும் அதே முறை தமிழ்நெட் 99 என்ற பெயரில் உண்டு, ஆனால் அதில் இந்த வசதி கிடையாது. அதற்கு எம்17என் என்ற தட்டச்சு விதிகளின் தரவுத்தொகுப்பும், அதை இயக்க ஐபஸ் அல்லது எஃப்சிடிக்ஸ் என்ற உள்ளீட்டு நிரலும் வேண்டும். தமிழைத் தேர்ந்தெடுத்து நிறுவுபவருக்கு மட்டும் இவை ஓடினால் போதும். மற்றவர்களின் ரேமில் கை வைக்கச் சொல்லவில்லை.

சோதிக்கத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. “கொடைக்கானலில் மூன்று நாள் பெய்த மழை” என்று ஒரு கோப்புக்குப் பெயர் வையுங்கள். கோப்பு மேலாளரிலும், சாளரத்தின் தலைப்பிலும், பாட்டு இயக்கியிலும், உலாவியிலும் அது எப்படித் தெரிகிறது என்று படம் பிடித்து, ஃபயர்பாக்ஸில் தெரிவதோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் அந்த இடத்துக்கு வேறு செயலி தேடுங்கள். வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பை எங்களிடம் கொடுத்தாலும் சரி; ஓட்டிப் பார்த்து, வழு அறிக்கையை ஆங்கிலத்திலேயே எழுதித் தருகிறோம்.

அன்புடன்,
பழைய மடிக்கணினிகளில் உங்கள் லினக்ஸை நிறுவித் தரும் ஒரு தமிழ்ப் பயனர்